சிக்ஸ் பாட் வேணாம் தம்பி, மொதல்ல பிரேக் ஆயிலைப் பாருங்க

போன மாசம் ஒரு தம்பி வாட்ஸ்அப்ல கேட்டாரு, "அண்ணே, மொத தடவையா மலேசியாவுல செப்பாங் டிராக்குக்குப் போறேன், பெரிய பிரேக் கிட் போட்டுக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன், சிக்ஸ் பாட் கேலிப்பர், பெரிய டிஸ்க், நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி சொல்றாங்க, போடலாமா?" (கேலிப்பர்ங்கறது பேடை டிஸ்க் மேல அமுக்குற இடுக்கி, சிக்ஸ் பாட்னா அதுல ஆறு பிஸ்டன்.) நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்கன்னு. ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கிட்டே இருந்தாரு, கடைசியில வந்த பதில் இதான்: "அதெல்லாம் மாத்தணுமாண்ணே?"

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நானும் அப்படித்தான் இருந்தேன், டர்ன் 15 வந்து கன்னத்துல அறையுற வரைக்கும்.

நம்ம சிங்கப்பூர்ல எஃப்1 நடக்குது, 2008ல இருந்து ராத்திரியில லைட்டு போட்டு நடத்துறாங்க, ஆனா நீங்களும் நானும் நம்ம காடியை எடுத்துட்டுப் போய் ஓட்டுறதுக்கு ஒரு டிராக் கிடையாது. சாங்கியில ஒன்னு கட்டப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு, அதுவும் கைவிட்டுப் போச்சு. எங்கப்பா காலத்துல அப்பர் தாம்சன் ரோட்டையே அடைச்சு ரேஸ் விட்டாங்க, 1961ல இருந்து 1973 வரைக்கும், அப்பா சின்னப் பையனா கூட்டாளிங்களோட ரோட்டோரம் நின்னு பாத்திருக்காரு, டெவில்ஸ் பெண்ட்னு ஒரு வளைவு இருந்துச்சாம், அங்க வர்றப்ப ஒவ்வொருத்தனும் பிரேக் அடிக்கிற சத்தமே வேற மாதிரி இருக்கும்னு இன்னைக்கும் சொல்வாரு. இப்ப அந்தப் பக்கம் போனா பரோட்டா சாப்பிட்டுட்டு வரலாம், அவ்வளவுதான். அதனால நம்ம ஆளுங்களுக்கு மலேசியாவுக்குக் கடற்பாலம் தாண்டுறதைத் தவிர வழியில்ல. எல்லையில முக்கால் டேங்க் பெட்ரோல் காட்டணும், விடியக்காலை ரெண்டரைக்கெல்லாம் உட்லண்ட்ஸ்ல லைன்ல நிக்கணும், பாகோல நிறுத்திப் பசியாறிட்டு மறுபடி ஏறுனா எட்டு மணிக்குள்ள செப்பாங். நாள் பூரா ஓட்டிட்டு அதே காடியில ராத்திரியே திரும்பி வரணும், திங்கக்கெழமை அதே காடியில வேலைக்குப் போகணும். இதை மனசுல வச்சுக்குங்க, பேட் விஷயம் பேசுறப்ப திரும்ப வரும்.

என் காடி ஹோண்டா எஃப்டி2ஆர் சிவிக். முன்னாடி கம்பெனியிலேயே பிரெம்போ நாலு பிஸ்டன் கேலிப்பரோட வர்றது. அதனால பிரேக்கைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது, சிவப்பு கேலிப்பர் இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சேன். போறதுக்கு முன்னாடி ஒரு ஒர்க்ஷாப்ல விட்டேன் (பேரு வேணாம், இப்ப அந்தப் பக்கமே நான் போறதில்ல), பிரேக் ஆயில் மாத்திருங்கன்னு சொன்னேன், மாத்தியாச்சுன்னு பில்லும் குடுத்தாங்க.

காலையில மொத செஷன்ல ஒன்னும் தெரியல. ரெண்டாவது செஷன்ல அஞ்சாவது லேப்போ ஆறாவது லேப்போ, பின் ஸ்ட்ரெய்ட்டோட கடைசியில, டர்ன் 15க்கு முன்னாடி பிரேக்ல கால் வச்சா கால் அப்படியே போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. பஞ்சு மூட்டையில கால் வச்ச மாதிரி. டர்ன் 15ன்னா இடது பக்கம் திரும்புற ஹேர்பின், ரொம்ப வேகத்துல வந்து ரொம்ப மெதுவாத் திரும்பணும். அந்த ஒரு செகண்டுல மனுசனுக்கு என்னென்னமோ தோணும், எனக்குத் தோணுனது சிஓஇ (காடி வச்சுக்கக் காசு கட்டி வாங்குற உரிமைச் சான்றிதழ்) புதுப்பிச்சு ஆறு மாசம்கூட ஆகலையேன்னுதான், வேற ஒன்னும் இல்ல. அப்புறம் கால் தானாவே பெடலை டக்டக்குனு மூணு தடவை மிதிச்சுச்சு, கொஞ்சம் புடிச்சுச்சு, கியரை எறக்குனேன், அப்பவும் பத்தல, நேராப் போய் சரளைக்கல்லுல எறங்கி நின்னேன். யாருக்கும் ஒன்னும் ஆகல, காடிக்கும் ஒன்னும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் மூணு வாரத்துக்கு எங்க புளோக் கார்பார்க்ல நான் காடியை எடுக்குறப்பெல்லாம் கீழே இருந்து ரெண்டு கல்லு விழும்.

என்ன நடந்துச்சுன்னா, ஆயில் கொதிச்சிருச்சு. அவ்வளவுதான். தண்ணி மாதிரி இருக்குற எதையும் அமுக்க முடியாது, நீங்க பெடல்ல குடுக்குற அழுத்தம் அப்படியே பிஸ்டனுக்குப் போகும். அது கொதிச்சு ஆவியாச்சுன்னா ஆவியை அமுக்கலாம், அப்ப உங்க கால் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குறதுலயே போயிரும், பேட் வரைக்கும் ஒன்னும் போய்ச் சேராது.

பிரேக் இவ்வளவு சூடாகுமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆளோட சேத்து 1,350 கிலோ காடி, மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவுல 190ல வந்து டர்ன் 1க்கு 70க்கு எறங்குதுன்னா அந்த நாலு செகண்டுல வெளிய வர்ற சூடு 16 லட்சம் ஜூலுக்கு மேல. வீட்டுல அஞ்சரை லிட்டர் பச்சைத்தண்ணியைப் பானையில ஊத்திக் கொதிக்க வைக்கிறதுக்குத் தேவையான சூடு அது. பொங்கப் பானையை அடுப்புல வச்சுட்டு நாலு செகண்டுல பொங்கி வழிஞ்சா எப்படி இருக்கும், அதுதான் ஒரே ஒரு கார்னர்ல நடக்குது, அதுல பெரும்பங்கு முன் சக்கரம் ரெண்டு மட்டும் வாங்கிக்குது. வேலைக்குப் போறப்ப சிக்னல்ல 60ல இருந்து நிக்கிறீங்களே, அதை மாதிரி ஒம்போது மடங்கு கிட்ட. செப்பாங்ல ஒரு லேப் 5.543 கிலோமீட்டர், 15 கார்னர், அதுல ரொம்பப் பெரிய பிரேக்கிங் ரெண்டும் அடுத்தடுத்து வருது, டர்ன் 15, உடனே மெயின் ஸ்ட்ரெய்ட், உடனே டர்ன் 1. நடுவுல அந்த ஸ்ட்ரெய்ட்ல அடிக்கிற காத்துதான் பிரேக்குக்குக் கெடைக்கிற ஒரே ஓய்வு. பெரிய டிஸ்க் போட்டா சூட்டைத் தாங்குற இரும்பு கூடும், அது உண்மைதான், இல்லேங்கல. ஆனா உள்ள இருக்குற ஆயில் 160 டிகிரியில கொதிக்கிற நெலமையில இருந்தா நாலாயிரம் வெள்ளி கேலிப்பரும் அதே பஞ்சு மூட்டைதான்.

ஆயில் ஆயில்னு சொல்றோமே தவிர அது எண்ணெயே இல்ல, கிளைக்கால் சேர்ந்த ஒரு திரவம். நெஜமான எண்ணெயைத் தப்பித் தவறி ஊத்துனா உள்ள இருக்குற ரப்பர் சீலெல்லாம் ஊதிப்போயிரும். இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நம்ம ஊர் ஈரம் தெரியும்ல, கொடியில போட்ட துணி ரெண்டு நாளானாலும் ஈரம் சொட்டுற ஊரு. ஹோஸ் ரப்பர் வழியா, ஆயில் டப்பா மூடி வழியாக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும், போகப் போகக் கொதிக்கிற சூடு எறங்கிக்கிட்டே வரும். அதனாலதான் ஒவ்வொரு கிரேடுக்கும் ரெண்டு நம்பர் இருக்கு, புதுசா இருக்குறப்ப ஒன்னு, 3.7 சதவீதம் தண்ணி சேந்தப்புறம் ஒன்னு. டாட் 3க்குக் குறைஞ்சபட்சம் 205, தண்ணி சேந்தா 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. இதெல்லாம் இதுக்குக் கீழ போகக் கூடாதுங்கிற கணக்கு, மேல எவ்வளவு வேணா போகலாம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 பாட்டில்லயும் டாட் 4னுதான் போட்டிருக்கும், ஆனா அது புதுசுல 312 டிகிரி வரைக்கும் தாங்கும்.

இந்த நம்பர் வெளையாட்டுல ஏமாந்த ஆளும் உண்டு. எங்க வேலையிடத்துல ஒருத்தர் 4ஐ விட 5 பெருசுதானேன்னு டாட் 5 வாங்கிட்டு வந்துட்டாரு. நல்லவேளை ஊத்துறதுக்கு முன்னாடி காட்டுனாரு. டாட் 5ங்கறது சிலிக்கான், அது வேற ஜாதி, நம்ம காடியில இருக்குறதோட கலக்கவே கூடாது, ஏபிஎஸ் இருக்குற காடிக்கும் ஆகாது. 5.1 வேற, 5 வேற. பேரு வச்சவங்களைச் சொல்லணும்.

எதை வாங்குறதுன்னு கேட்டா என் பதில், நீங்க எவ்வளவு சோம்பேறிங்கறதைப் பொறுத்து. அடிக்கடி மாத்துவேன்னா ஆர்பிஎஃப் 600 போதும், நான் வாங்குனப்ப அரை லிட்டர் 30 வெள்ளி சொச்சம். வருசத்துக்கு ஒரு தடவைதான் தொடுவேன்னா காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப். வெலையைப் பாத்தா மயக்கம் வரும், ஆனா அதோட பெருமை புதுசுல காட்டுற 320ல இல்ல, தண்ணி சேந்த பிறகும் 270 கிட்ட நிக்குதே, அதுல இருக்கு. ஆர்பிஎஃப் 600 அந்த நெலமையில 205க்கு வந்துரும். நான் ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு ஆர்பிஎஃப்புக்கே வந்துட்டேன், ஏன்னா எப்படியும் ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாடியும் பிளீட் பண்ணுறேன் (கேலிப்பர்ல இருக்குற பழைய ஆயிலையும் காத்தையும் வெளிய எடுக்குறது), ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துறேன். தெறந்த பாட்டிலை மிச்சம் வைக்கிற கதையே வேணாம். எங்க வீட்டு பாம் ஷெல்டர்ல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல அரை பாட்டில் வச்சிருந்தேன், வீட்டுக்காரி இது என்ன சமையல் எண்ணெயான்னு கேட்ட அன்னைக்கே தூக்கிட்டேன். பயந்தது அவளுக்கில்ல, நாலு மாசமா மூடி தெறந்து தெறந்து மூடுன பாட்டில் அது, அதுல எவ்வளவு ஈரம் ஏறியிருக்கும்.

சரி, அந்த ஒர்க்ஷாப் என்ன பண்ணுனாங்கன்னு சொல்லலையே. செப்பாங்ல இருந்து வந்த மறுவாரம் காக்கி புக்கிட்ல எனக்குத் தெரிஞ்ச சீன அங்கிள் ஒருத்தர்கிட்ட விட்டேன். மேல டப்பாவுல பாத்தா ஆயில் தேன் நெறத்துல தெளிவா இருக்கு, புதுசு. அங்கிள் ஒன்னும் பேசாம முன் சக்கரத்தைக் கழட்டி, கேலிப்பர்ல ஆயிலை வெளிய விடுற திருகாணி, பிளீடர்னு பேரு, அதுல கண்ணாடி மாதிரி இருக்குற டியூபை மாட்டி, அதோட மறுமுனையை ஒரு காலி ஜாம் பாட்டிலுக்குள்ள விட்டாரு. நான் உள்ள உக்காந்து பெடலை மிதிக்கணும். "பிரஸ்" மிதிச்சேன், "ஹோல்ட்" புடிச்சுக்கிட்டேன், அவரு ஸ்பேனரைக் கால் சுத்து தெறந்தாரு, பெடல் மெதுவா எறங்குச்சு, மூடுனாரு, "ஓகே". விட்டேன். இந்த மூணு வார்த்தையை அன்னைக்கு இருநூறு தடவையாச்சும் கேட்டிருப்பேன். எட்டிப் பாத்தா டியூபுக்குள்ள வர்றது தே-ஓ கூட இல்ல, கோப்பி-ஓ. கறுப்பு. நடுவுல நடுவுல சின்னச் சின்னக் குமிழி, சோடாவுல வர்ற மாதிரி. அந்த ஒர்க்ஷாப்காரங்க மேல டப்பாவுல இருந்ததை மட்டும் உறிஞ்சிட்டுப் புதுசை ஊத்திட்டாங்க, கீழே லைன்லயும் கேலிப்பர்லயும் இருந்தது எத்தனை வருசத்துப் பழசோ. கொதிக்கிறது கேலிப்பர்ல, மேல டப்பாவுல இல்ல. அங்கிள் ஜாம் பாட்டிலைத் தூக்கி லைட்டுல காட்டிட்டு "யூ வெரி லக்கி லா"ன்னாரு.

பிளீட் பண்றதுல நான் கத்துக்கிட்ட சில விஷயம். சில கேலிப்பருக்கு ரெண்டு பிளீடர் இருக்கும், உள்பக்கம் ஒன்னு வெளிப்பக்கம் ஒன்னு, அப்படி இருந்தா ரெண்டையும் தெறக்கணும், வெளிய தெரியிறதை மட்டும் தெறந்துட்டு முடிச்சிட்டேன்னு சொல்றவங்க உண்டு. மேல டப்பா காலியாக விடவே கூடாது, காத்து உள்ள போய் ஏபிஎஸ் பம்புல சிக்கிக்கிச்சுன்னா ஸ்கேனர் போட்டு பம்பை ஓடவிட்டாத்தான் வரும். பழைய காடியா இருந்தா பெடலைத் தரை வரைக்கும் மிதிக்காதீங்க, பெடலுக்குப் பின்னாடி ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் உள்ள சீல் போகாத எடத்துக்கெல்லாம் போய்த் துருவுல கிழிஞ்சிரும், கீழே ஒரு மரக்கட்டையை வச்சுக்கிட்டா நல்லது. ஒரு சொட்டு பெயிண்ட்ல பட்டாலும் உடனே தண்ணி ஊத்திக் கழுவணும், பெயிண்டைத் தின்னுரும். இன்னொன்னு, இதையெல்லாம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) கார்பார்க்ல பண்ணாதீங்க, அங்க காடி ரிப்பேர் பண்ணக் கூடாது.

இப்ப பேட்.

டர்ன் 15 கதைக்கப்புறம் எனக்கு ஒரு வெறி வந்துருச்சு, முழு ரேஸ் பேட் வாங்குனேன். டிராக்ல சொர்க்கம். எத்தனை லேப் போனாலும் கால் வச்ச எடத்துல நிக்குது, சூடாக ஆக இன்னும் நல்லாப் புடிக்குது. பிரச்சனை எல்லாம் வீட்டுக்குத் திரும்புறப்பதான். ராத்திரி பத்து மணி இருக்கும், யோங் பெங் பக்கம் கொட்டுற மழை, நெடுஞ்சாலையில ஒரு மணி நேரமா பிரேக்கே தொடல, பேட் டிஸ்க் ரெண்டும் நனைஞ்சு சில்லுன்னு இருக்கு. முன்னாடி லாரி ஒன்னு சட்டுன்னு வேகத்தைக் கொறைச்சுச்சு, செவப்பு லைட்டு பளிச்சுன்னு எரியுது, மிதிச்சேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு, காடி மட்டும் நிக்க மனசே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒரு செகண்டு, ஒன்றரை செகண்டு இருக்கும், அப்புறம்தான் புடிச்சுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த கூட்டாளி அதுக்கப்புறம் கடற்பாலம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ரேஸ் பேட்டுக்குச் சூடு ஏறுனாத்தான் வேலை செய்யத் தெரியும், பச்சையா இருந்தா மரக்கட்டை. எஃப்1ல போடுற கார்பன் பிரேக்கும் இதே கதைதான். அது போக, திங்கக்கெழமை காலையில கார்பார்க் ரேம்ப்ல எறங்குறப்ப பழைய பஸ்ஸு மாதிரி கீச்சுன்னு கத்துச்சு, நாலாவது மாடி பாட்டி எட்டிப் பாத்து மொறைச்சாங்க.

அதனாலதான் மொதல்லயே சொன்னேன், அதே காடியில திரும்பி வரணும்னு. பேட் வாங்குறப்ப எல்லாரும் எவ்வளவு சூடு தாங்கும்னு மேல் நம்பரைத்தான் பாக்குறாங்க, நான் கீழ் நம்பரைப் பாக்கச் சொல்றேன், எவ்வளவு குளிர்ல புடிக்கும்னு. டிரெய்லர்ல காடியை ஏத்திட்டுப் போறவங்களுக்கு இந்தக் கவலை கெடையாது, நமக்கு உண்டு. இப்ப நான் போடுறது ஃபெரோடோ டிஎஸ்2500. ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவுல நிக்கிற பேட், குளிர்லயும் புடிக்கும், 20 நிமிச செஷனுக்குத் தாக்குப் புடிக்கும். ரொம்ப வேகமான ஆளுங்க இது பத்தாதும்பாங்க, சரிதான், கனமான காடி, பவர் ஜாஸ்தி, ஒட்டுற டயர்னா பத்தாது. அவங்க ரேஸ் பேட்டைப் பூட்ல வச்சுக்கிட்டுப் போய் பிட்ல (டிராக் ஓரத்துல காடி நிறுத்துற எடம்) மாத்திட்டு, கெளம்புறதுக்கு முன்னாடி ரோடு பேட்டைத் திருப்பிப் போட்டுக்கலாம். பிரெம்போவுல ரெண்டு பின்னு, ஒரு கிளிப்பு, பழகிட்டா ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிசம். ஆனா ரெண்டு பேட்டும் தேஞ்சு டிஸ்க்ல விடுற படிவம் (மெல்லிய படலம்) வேற வேற, சில ஜோடி ஒத்துக்கும், சில ஜோடி மாமியார் மருமக மாதிரி, மாத்துன அன்னைக்கெல்லாம் நடுங்கும்.

ஆயில் கொதிச்சா பெடல் எறங்கும், பேட் சூட்டுல செத்தா பெடல் கெட்டியாவே இருக்கும், ஆனா காடி நிக்காது. இதைத் தெரிஞ்சுக்கிட்டா பிட்டுக்கு வந்து எதைப் பாக்கணும்னு கொழப்பம் வராது. பல பேர் ஆயில் கொதிச்சதுக்குப் பேட்டைத் திட்டிக்கிட்டு இருக்காங்க.

புது பேட் போட்டுட்டு நேரா அடிக்கிறதும் தப்பு. உள்ள இருக்குற பிசின் மொத சூட்டுல கேஸாக் கெளம்பும், அது பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல மெத்தை மாதிரி நின்னுக்கும், புது பேட்டாச்சேன்னு நம்பிப் போறவன் கதி அதோகதி. மொத ரெண்டு மூணு லேப் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தைக் கூட்டி, கருகுன வாடை வர்ற வரைக்கும் சூடாக்கி, அப்புறம் ஒரு லேப் பிரேக்கே தொடாத மாதிரி ஓட்டி ஆற வைக்கணும். அப்பதான் டிஸ்க் மேல பேட்டோட படிவம் சீரா ஒட்டும். நம்ம எக்ஸ்பிரஸ்வேயில இதைச் செய்ய எடமும் இல்ல, செய்யவும் கூடாது. டிஸ்க் வளைஞ்சிருச்சு, ஸ்டியரிங் நடுங்குதுன்னு சொல்றாங்களே, அதுல பாதி வளைஞ்சது இல்ல, இந்தப் படிவம் ஒரு எடத்துல திட்டாத் தங்குனதுதான். சூடான பிரேக்கோட பிட்ல வந்து நின்னு பெடலை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா அப்படித்தான் ஆகும். ஹேண்ட்பிரேக்கும் போடாதீங்க, கியர்ல விட்டுட்டு எறங்குங்க.

தேய்மானம் பத்தி ஒன்னு. ரோட்டுல 3 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டலாம்னு சொல்வாங்க, டிராக்குக்குப் போறப்ப பாதிக்குக் கீழ இருந்தா நான் மாத்திருவேன். பேட் மெலிசாக ஆக நடுவுல சூட்டைத் தடுக்குற சுவர் மெலிசாகுது, சூடு நேரா பிஸ்டனுக்குப் போய் ஆயிலுக்குப் போகுது. ஆக மெலிஞ்ச பேட்டும் ஆயில் கொதிக்க ஒரு காரணம், இதை எனக்கு யாரும் சொல்லல. கேலிப்பர்ல டெம்பரேச்சர் ஸ்டிக்கர்னு ஒன்னு ஒட்டலாம், அந்தந்தச் சூட்டுல அந்தந்தக் கட்டம் கறுப்பாயிரும், சில வெள்ளிதான், ஊகத்துக்கு வேலையில்ல. கழட்டுறப்ப பேட் ஒரு பக்கம் மட்டும் சாஞ்சு தேஞ்சிருக்கா, பிஸ்டனைச் சுத்தி இருக்குற ரப்பர் கருகியிருக்கா, டிஸ்க்ல விரிசல் விளிம்பு வரைக்கும் போயிருக்கான்னு பாத்துக்குங்க. மேலாப்புல முடி மாதிரி கோடு இருந்தா பரவால்ல, விளிம்பைத் தொட்டா தூக்கிப் போட்டுருங்க. ஓட்டை போட்ட டிஸ்க் பாக்க அழகு, விரிசல் அந்த ஓட்டையில இருந்துதான் கெளம்பும். ரிம்மை அன்னைக்கு ராத்திரியே கழுவுங்க, பேட் தூள்ல இரும்பு இருக்கு, மழை பட்டுக் காஞ்சா ரிம்ல துருப் புள்ளி புள்ளியாப் புடிச்சுக்கும், அப்புறம் எந்த ஷாம்புக்கும் போகாது.

வாட்ஸ்அப் தம்பி கடைசியில சிக்ஸ் பாட் வாங்கல. போன சனிக்கெழமை அவரைக் காக்கி புக்கிட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், உள்ள உக்காந்து மிதிக்கிற வேலையை அவருக்கே குடுத்துட்டேன், பிரஸ், ஹோல்ட், ஓகே. நடுவுல தண்ணி குடிக்க எறங்குனவரு அலமாரியில ஸ்பார்க் பிளக் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஜாம் பாட்டிலைப் பாத்துட்டு, இது என்ன அங்கிள், கோப்பியான்னு கேட்டாரு. அங்கிள் ஸ்பேனரைக் கீழ வைக்காமயே தாடையால என் பக்கம் காட்டுனாரு.